மிச்சம் பிடித்த மூச்சு

மூச்சுப் பயிற்சியால்தான் நீ பிழைத்தாய் என்று சிலர் சொல்கிறார்கள். மூச்சோடு விளையாடியதால்தான் உனக்கு இது வந்தது என்று வேறு சிலர். இரண்டும் உண்மையில்லை. பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நீளமாகப் பேசினால் தொண்டையும் இன்னும் கட்டிக்கொள்கிறது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

என் பெயர் கோமளா. தீவுப் பக்கம் ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு, நான்காவது மாடி. கடல் பாலத்தைத் தாண்டி, பிறையில் கண்டெய்னர் லாரிகள் ஓட்டும் ஒரு கம்பெனியில் வேலை. துறைமுகத்தில் இறங்கும் எந்தப் பெட்டி எந்தத் தொழிற்சாலைக்கு, எந்த லாரியில் போகவேண்டும் என்று பார்ப்பது என் பொறுப்பு. காலையிலிருந்து மாலைவரை தொலைபேசியில் கத்துவது என்றும் சொல்லலாம். கணவர் குணா பட்டர்வொர்த் பக்கத்துத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஒரே மகள் ஷர்மி, ஈப்போவில் கல்லூரியில் படிக்கிறாள்.

சில வருடங்களுக்கு முன்னால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறியது. கோபமும் கூடவே ஏறியது. ஒரு லாரி தாமதமானால் வீட்டுக்கு வந்து குணாவிடம் சண்டை போடுவேன். அலுவலகத் தோழி ஒருத்தி என்னை நகரத்தில் ஒரு பழைய கடைவீட்டின் மாடிக்கு இழுத்துப் போனாள். அங்கே மேய் என்ற சீனப் பெண்மணி யோகா சொல்லித் தருகிறார். என் வயதுதான் இருக்கும். சமஸ்கிருதப் பெயர்களை எல்லாம் ஹொக்கியன் வாடையோடு உச்சரிப்பார்.

"நம்ம ஊட்டுச் சரக்க சீன டீச்சர்கிட்ட போயி வாங்கிட்டு வர்றியே லா" என்று குணா சிரித்தார். சிரித்தால் சிரிக்கட்டும் என்று நான் போய்க்கொண்டிருந்தேன்.

மேய் சொல்லிக் கொடுத்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. நாலு எண்ணும் நேரம் மூச்சை உள்ளே இழு, எட்டு எண்ணும் நேரம் வெளியே விடு. வெளியே போகும் மூச்சு நீளமாக இருந்தால் நெஞ்சின் படபடப்பு தானாகக் குறையும். காலையில் எழுந்ததும் ஒரு மூக்குத் துளை மாற்றி இன்னொரு மூக்குத் துளை. பாலத்தில் ஜாம் ஆகி நிற்கும்போது கண்ணை மூடாமல், மூச்சை அடக்காமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே நாலும் எட்டும். வேலைக்குக் கிளம்புமுன் பிராமரி. உதட்டை மூடிக்கொண்டு வண்டு மாதிரி 'ம்ம்ம்' என்று ஒரே மூச்சில் இழுப்பது. நான் ஒரு ரீங்காரத்தை ஆரம்பித்து முடிப்பதற்குள் குணா சட்டைப் பொத்தான் அத்தனையும் போட்டுவிடுவார்.

மாத்திரையை நான் நிறுத்தவில்லை. ஆனால் அளவு கூடவில்லை. இரவில் தூக்கம் வந்தது. லாரி தாமதமானால் லாரிக்காரரிடம் மட்டும் சண்டை போட்டேன். அவ்வளவுதான் நடந்தது, எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

நோய் வந்த மாதத்தின் தொடக்கத்தில் ஒரு பிறந்தநாள் வீட்டில் சுட்ட கோழி சாப்பிட்டேன். சரியாக வேகவில்லை போலிருக்கிறது. மூன்று நாள் வயிற்றுப்போக்கு. பிறகு சரியாகிவிட்டது, நானும் மறந்துவிட்டேன். இரண்டு வாரம் போல ஆனபிறகு பாதத்தில் ஊசி ஊசியாகக் குத்த ஆரம்பித்தது. மறுநாள் விரல் நுனிகளிலும்.

எனக்கு முதலில் பயமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மேய் வேகமாக மூச்சு விடும் பயிற்சி ஒன்றைச் செய்ய வைப்பார். அதை அதிகமாகச் செய்தால் விரலிலும் உதட்டிலும் இப்படித்தான் குறுகுறுக்கும். அளவுக்கு மீறி காற்றை வெளியே தள்ளிவிட்டால் வரும் குறுகுறுப்பு அது, நிறுத்தினால் சில நிமிடத்தில் போய்விடும். நானும் அதுதான் என்று நினைத்து வேகப் பயிற்சியை நிறுத்தினேன். குத்தல் நிற்கவில்லை. பக்கத்து கிளினிக்கில் காட்டினேன். நடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்து, சிரித்துப் பேசிக்கொண்டு, கால் குத்துகிறது என்று சொன்னால் எந்த டாக்டரும் என்ன நினைப்பார்? சத்து மாத்திரை கொடுத்து, குறையாவிட்டால் உடனே வரச் சொன்னார்.

அன்று மாலை வீட்டில் லிஃப்ட் பழுது. மூன்றாம் மாடிக்கு ஏறும்போது கால் செருப்பை விட்டு நழுவியது. செருப்பு படியிலேயே கிடந்தது, நான் அடுத்த படியில் வெறுங்காலோடு நின்றேன். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பாலத்தில் தெரிந்துவிட்டது. பிறைப் பக்கம் போகும் வண்டிகள் வழக்கம்போல் நெருக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. முன்னால் ஒரு லாரியின் சிவப்பு விளக்கு எரிந்தது. பிரேக்குக்குக் காலை மாற்றினேன். கால் மாறவில்லை. எண்ணெய் மிதியின் மேலேயே கிடந்தது, யாரோ வேறொருவருடைய கால் மாதிரி. லாரியின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வலது முழங்காலைத் துணியோடு பிடித்துத் தூக்கி பிரேக்கின் மேல் போட்டேன். கார் குலுங்கி நின்றது. பின்னாலிருந்து ஹாரன்கள். எப்படியோ ஓரத்து அவசரப் பாதைக்கு ஊர்ந்துபோய் நிறுத்திவிட்டு, குணாவைக் கூப்பிட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"ஷிஃப்ட் முடிஞ்சு கெளம்புறேன். ஏன், கொரலு என்னமோ மாதிரி இருக்கு?"

"கால் வேல செய்யலங்க. பாலத்துல நிக்கிறேன்."

கீழே கடல். பெரிய லாரிகள் போகும்போதெல்லாம் பாலம் அதிர்ந்தது. ரோந்து வண்டிக்காரர் ஒருவர் வந்து காரின் பின்னால் ஆரஞ்சு கூம்புகளை வைத்துவிட்டு, குணா வரும்வரை என் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே நின்றார். நான் நாலும் எட்டும் எண்ணினேன். படபடப்பு குறைந்தது. கால் மட்டும் அப்படியே இருந்தது. மூச்சால் ஆகாத காரியம் ஒன்று எனக்குள் நடக்கிறது என்று அங்கேதான் புரிந்தது.

பிறையில் இறங்கி வண்டியைத் திருப்பி, குணா என்னை நேராக நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவசரப் பிரிவில் சக்கர நாற்காலி வரிசை. எனக்கு முன்னால் கை ஒடிந்த ஒரு மோட்டார் சைக்கிள்காரர், நெஞ்சுவலியோடு ஒரு தாத்தா. ஒரு இளம் டாக்டர் சின்ன ரப்பர் சுத்தியலால் என் முழங்காலைத் தட்டினார். கால் துள்ளவேண்டும். துள்ளவில்லை. இன்னொரு தடவை தட்டினார். அவர் முகம் மாறியதைக் குணாவும் பார்த்துவிட்டார்.

நரம்பு டாக்டர் அஸ்லினா வந்தார். நாற்பது வயதிருக்கும் மலாய்ப் பெண்மணி. நிதானமாக மலாயில் பேசுகிறவர். நோயின் பெயர் கில்லன் பாரே என்றார். வார்டில் எல்லாரும் சுருக்கமாக ஜிபிஎஸ் என்பார்கள். வயிற்றில் வந்த கிருமியை எதிர்க்க உடம்பு படை திரட்டுகிறது, கிருமி போனபிறகும் அந்தப் படை ஆள் தெரியாமல் நம்முடைய நரம்புகளையே தாக்குகிறது. மின்கம்பியின் மேலுறை கிழிந்தால் மின்சாரம் சரியாகப் போகாதல்லவா, அது மாதிரி மூளை சொல்வது தசைக்குப் போய்ச் சேராது. காலில் ஆரம்பித்து மேலே ஏறும். முதுகெலும்புக்கு நடுவில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தார்கள். கை கால்களில் சின்னச் சின்ன மின்னதிர்ச்சி கொடுத்து நரம்பின் வேகத்தை அளந்தார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் துள்ளினேன், என் நரம்புகள் துள்ளவில்லை. மற்றவர்கள் தானம் கொடுத்த ரத்தத்திலிருந்து எடுக்கும் ஒரு மருந்தை ஐந்து நாள் நரம்பில் ஏற்றவேண்டும் என்றார். மருந்து உடனே நிறுத்தாது, இன்னும் கொஞ்சம் ஏறலாம் என்றும் சொன்னார்.

"எதுவரைக்கும் ஏறும்?" என்று குணா கேட்டார்.

டாக்டர் தன் கையை விலாவின் மேல் வைத்துக் காட்டினார். "இங்கே வந்தால் மூச்சு. அதைத்தான் நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கப்போகிறோம்."

கூடுதல் கவனிப்பு வார்டில் போட்டார்கள். விரலில் ஒரு கிளிப். ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று அது திரையில் காட்டும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு குழாயில் ஊதச் சொல்வார்கள். முகத் தசையும் தளர்ந்துவிட்டதால் உதடு குழாயைச் சுற்றி ஒட்டவில்லை, காற்று ஓரத்தில் கசிந்தது. அதனால் ரேவதி என்ற நர்ஸ் வேறு முறையும் வைத்துக்கொண்டார். பத்து காவான் என்ற ஊரிலிருந்து தினமும் வேலைக்கு வருகிற பெண் அவர்.

"அக்கா, மூச்ச நல்லா இழுத்துக்கிட்டு, ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டுன்னு சத்தமா எண்ணுங்க. எது வரைக்கும் போறீங்கன்னு பாப்போம். இருபதுகிட்ட வந்துட்டா நாங்க கவலப்படணும்."

முதல் தடவை ஐம்பதைத் தாண்டிவிட்டேன். ரேவதி கண்ணை விரித்தார். "பாட்டு கிளாஸ் போறீங்களா?"

"யோகா" என்றேன். பெருமையாக இருந்தது. படுக்கையில் கால் அசையாமல் கிடக்கிறேன், ஆனாலும் பெருமை.

அடுத்த நாள் காலை எதிர்க் கட்டிலில் இருந்த ஒருவருக்கு மூச்சு முட்டியது. திரை இழுத்தார்கள், ஆட்கள் ஓடினார்கள், யாரோ எண்களைக் கத்தினார்கள். கட்டிலோடு அவரைத் தள்ளிக்கொண்டு போனபோது வாயில் குழாய் இருந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன. அவர் மனைவி செருப்பைக்கூடப் போடாமல் பின்னால் ஓடினார். அந்தக் குழாய் எனக்கு வரக்கூடாது என்று நான் முடிவு செய்தேன், ஏதோ அது என் முடிவில் இருக்கிற மாதிரி.

அதிலிருந்து எண்ணச் சொல்லும்போதெல்லாம் நான் வித்தை காட்ட ஆரம்பித்தேன். வித்தை என்று அப்போது தோன்றவில்லை, பயிற்சி என்றுதான் தோன்றியது. குரலைச் சன்னமாக்கினேன். உதட்டை அதிகம் திறக்காமல், காற்றைத் துளித்துளியாகச் செலவு செய்தேன். 'ஏழு', 'எட்டு' என்பதை நாக்கு நுனியிலேயே முடித்தேன். ஒவ்வொரு தடவையும் நாற்பதைத் தொட்டேன். "பரவால்லக்கா" என்று ரேவதி குறித்துக்கொண்டார். கிளிப் தொண்ணூற்றெட்டு காட்டியது. குணா வரும்போதெல்லாம் முதலில் திரையைப் பார்ப்பார், பிறகுதான் என்னைப் பார்ப்பார். அந்த எண்ணைப் பார்த்ததும் அவர் தோள் இறங்கும். அதற்காகவும் நான் மிச்சம் பிடித்தேன்.

மறுநாள் மதியம், பார்வை நேரம். பக்கத்துக் கட்டிலைச் சுற்றி ஒரு பெரிய குடும்பம் நின்று ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டு, ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது. குணா ஃப்ளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்திருந்தார். ஒரு கரண்டி வாங்கினேன். அது தொண்டையில் வழி தெரியாமல் நின்றது. இருமினேன். இருமல் வந்த மாதிரியே இல்லை, பூனை தும்மிய மாதிரி ஒரு சத்தம். குணா துடைத்துவிட்டார். "மெதுவா, மெதுவா. ஷர்மி பஸ்ஸு ஏறிட்டா. சாயங்காலம் வந்துருவா."

பதில் சொல்ல நினைத்தேன். வார்த்தைகளுக்கு நடுவில் காற்று போதவில்லை. மனதை அமைதிப்படுத்தலாம் என்று கண்ணை மூடி, உதட்டைச் சேர்த்து, 'ம்ம்ம்' என்று இழுத்தேன்.

அது நின்றுவிட்டது. ஆரம்பித்தவுடனேயே நின்றுவிட்டது. சட்டையின் முதல் பொத்தானுக்குக்கூடத் தேறாது. இன்னொரு தடவை இழுத்தேன். அதைவிடக் குறைவு. ரீங்காரத்தில் வித்தை செய்ய முடியாது. சத்தம் இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. என் மூச்சு எவ்வளவு நீளம் என்று எனக்குத்தான் தெரியும். தினமும் காலையில் அளந்த மூச்சு அது. இவ்வளவு நேரமும் நான் ரேவதியிடம் காட்டியது என்னுடைய மூச்சை அல்ல, என்னுடைய சாமர்த்தியத்தை.

"ஏங்க. டாக்டரக்... கூப்பிடுங்க."

குணா திரையைப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு? தொண்ணூத்தெட்டு காட்டுதே."

"நான்... ஏமாத்திட்டு இருக்கேங்க. எண்ணறப்ப. மூச்சு இல்ல."

ஒரு நொடி அவருக்குப் புரியவில்லை. பிறகு ஃப்ளாஸ்க்கைக் கட்டில்மேல் அப்படியே போட்டுவிட்டு ஓடினார். கஞ்சி விரிப்பில் கொட்டியது, சூடு தொடையில் பட்டது, அதை இழுத்துவிட என் கை வரவில்லை.

டாக்டர் அஸ்லினா வந்ததும் எண்ணச் சொல்லவில்லை. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னார். தூக்க முடியவில்லை. கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் ஒன்றாகத்தான் தளரும் என்றார். மணிக்கட்டில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். உள்ளே இழுப்பதை விடக் கெட்ட காற்றை வெளியே தள்ளுவதுதான் எனக்கு முடியாமல் போயிருக்கிறது, அது ரத்தத்தில் சேர ஆரம்பித்துவிட்டது. "விரல் கிளிப் காட்டும் எண் கடைசியாகத்தான் விழும். அது விழும்வரை காத்திருந்தால், நாங்கள் எல்லாரும் ஓடிக்கொண்டிருப்போம்."

நான் அழுதேன். அழுவதற்கும் காற்று வேண்டியிருந்தது.

"ஜாங்ஙான் தாஹான், காக்" என்றார் அவர். தாஹான் பண்ணாதீங்க, அக்கா. மலாயில் அது ஒரே சொல். மூச்சை அடக்குவதும் தாஹான்தான், கஷ்டத்தைப் பொறுத்துக்கொள்வதும் தாஹான்தான். நாமும் வீட்டில் நாள் முழுவதும் சொல்லும் சொல். அவர் எதைச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டையும்தான் என்று வைத்துக்கொண்டேன்.

குழாய் போடவேண்டும், இன்றைக்கே, அவசரமாகாமல் இருக்கும்போதே என்றார். குணா கேட்டது ஒரே கேள்வி: "திரும்ப எடுத்துருவீங்களா?"

"எடுக்கத்தான் போடுகிறோம். என்றைக்கு என்று மட்டும் கேட்காதீர்கள்."

அதற்குமுன் ஏதாவது சொல்லவேண்டுமா என்று ரேவதி என் காதருகில் குனிந்து கேட்டார். எத்தனையோ இருந்தது. வாயில் வந்தது இதுதான்: "ஷர்மிய... சாப்பிட்டுட்டு வரச் சொல்லுங்க." குணா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மயக்க மருந்து ஏறும்வரை அவர் தலை ஆடுவதை நிறுத்தவில்லை.

மயக்கம் தெளிந்தபோது என் நெஞ்சு தானாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய பயத்தை நான் அனுபவித்ததில்லை. இயந்திரம் காற்றை உள்ளே தள்ளும், நிறுத்தும், வெளியே விடும். அதற்கென்று ஒரு தாளம். நான் எத்தனையோ வருடமாகப் பழகிய மாதிரி வெளிமூச்சை நீட்டப் பார்த்தேன். பாதியிலேயே அது அடுத்த காற்றைத் தள்ளியது. இரண்டும் மோதி மூச்சு முட்டியது. அலாரம் கத்தியது. என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள், ரேவதி அங்கே இல்லை. வேறு ஒரு நர்ஸ் மலாயில் அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு அலாரத்தை நிறுத்தினார். நான் மறுபடி முயன்றேன், மறுபடி அலாரம்.

சாயங்காலம் ரேவதி தன் வார்டு வேலை முடிந்ததும் என்னைப் பார்க்க வந்தார். கொஞ்ச நேரம் நின்று கவனித்துவிட்டு, "அக்கா, நீங்க மூச்சு விடாதீங்க. அது விடும். நீங்க சும்மா இருங்க, போதும்" என்றார்.

சும்மா இருப்பதைப்போலக் கஷ்டம் உலகத்தில் இல்லை. மேய் சொல்லித் தந்த எதுவும் அங்கே உதவவில்லை என்று சொல்லவேண்டும். எண்ணினால் முட்டியது, நீட்டினால் முட்டியது. கடைசியில் எண்ணுவதை விட்டேன். காற்று வருகிறது, போகிறது என்று பார்க்க மட்டும் செய்தேன். அலாரம் குறைந்தது.

ஷர்மி வந்தாள். நான் கண்ணை ஒருமுறை மூடினால் ஆம், இரண்டுமுறை மூடினால் இல்லை. அவளுக்கு நான் சொன்ன முதல் செய்தி இடது காது அரிக்கிறது என்பது. "வலியா? தண்ணியா? அப்பாவா? காலா?" என்று அவள் தலையிலிருந்து பாதம்வரை கேட்டுக்கொண்டே போய், திரும்ப மேலே வந்து காதைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்குக் கண் ஓய்ந்துவிட்டது. சொரிந்துவிட்டாள். கோயில் மணி அடித்த மாதிரி இருந்தது. என் பாதத்தில் போர்வை பட்டாலே நெருப்பு பட்ட மாதிரி எரிந்தது. அதையும் அவள் அப்படித்தான் கேட்டுக் கண்டுபிடித்து, போர்வையைக் கட்டில் கம்பியின்மேல் கூடாரம்போலத் தூக்கிப் போட்டாள். மேய் ஒருநாள் வந்தார். மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சிக்குப் பிடித்த என் தலைமுடியை நுனியிலிருந்து சீவி, இறுக்கிப் பின்னிவிட்டுப் போனார்.

காய்ச்சல் வந்தது. நுரையீரலில் கிருமி சேர்ந்துவிட்டது. சளியை உறிஞ்ச மெல்லிய குழாயை உள்ளே விடும்போதெல்லாம் என் நாடி திடீரென்று விழும். நரம்பு நோய் இதயத்தின் கட்டுப்பாட்டையும் ஆட்டிவிடும் என்று பிறகு விளக்கினார்கள். ஒரு தடவை மிகவும் கீழே விழுந்துவிட்டது. ஷர்மியை வெளியே தள்ளினார்கள். கதவு மூடும்போது அவள் வாய் திறந்திருந்தது, சத்தம் கேட்கவில்லை. என்மேல் நாலைந்து கைகள். கண் இருட்டியது. போகிறேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். பயம்கூட இல்லை, கதவுக்கு வெளியே அவள் தனியாக நிற்கிறாளே என்பது மட்டும்தான் இருந்தது. ஊசி மருந்து போட்டதும் நாடி திரும்பியது. அவளை உள்ளே விட்டபோது என் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருமுறை மூடித் திறந்தேன்.

தொண்டையில் துளை போட்டுக் குழாயை மாற்றவேண்டி வரலாம் என்று டாக்டர் குணாவிடம் பேச ஆரம்பித்திருந்த சமயத்தில், என் தோள் அசைந்தது. பிறகு கழுத்து. காய்ச்சலும் தணிந்தது. இயந்திரத்தின் உதவியைக் குறைத்து, நானே மூச்சு விடுகிறேனா என்று பார்த்தார்கள். முதல் தடவை தோற்றேன். ஓடி வந்த நாய் மாதிரி வேகவேகமாக இரைத்தேன். வியர்த்துக் கொட்டியது. திரும்பவும் இயந்திரத்தோடு சேர்த்துவிட்டார்கள். அன்று குணா என் கையைப் பிடித்தபடி இருந்தார்.

இரண்டாம் தடவை, டாக்டர் அஸ்லினா பக்கத்தில் நின்றார். எனக்குள் படபடப்பு எழும்புவது தெரிந்தது. பாலத்தில் பழகியது அப்போதுதான் வந்தது. ஆழமாக இழுக்கவில்லை, எண்ணவில்லை, அடக்கவில்லை. வெளியே போகிற காற்றை அவசரப்படுத்தாமல் போகவிட்டேன். அது போனபிறகு அடுத்தது தானாக வந்தது. சின்ன மூச்சுதான். ஆனால் என்னுடையது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்தேன். தசைக்குப் பலம் திரும்பியதால்தான் முடிந்தது, அதில் சந்தேகமில்லை. பலம் இருந்தும் பயத்தால் இரைத்துத் தோற்கிறவர்கள் உண்டு என்று டாக்டர் சொன்னார். என் பயிற்சி எனக்குச் செய்த உதவி இவ்வளவுதான். இவ்வளவும் பெரிதுதான்.

குழாயை எடுத்த அன்று குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது. பேசியே பிழைத்தவள் நான், இரண்டு நாள் கிசுகிசுத்தேன். பிறகு உடற்பயிற்சிப் பிரிவு. உட்காரப் பழகினேன், கரண்டி பிடிக்கப் பழகினேன், இரண்டு கம்பிக்கு நடுவில் நிற்கப் பழகினேன். வீட்டுக்கு வந்தபோது சக்கர நாற்காலி. இப்போது நாலுகால் தடி. வலது பாதத்தை இன்னும் முழுதாகத் தூக்க வரவில்லை. கார் ஓட்ட டாக்டர் இன்னும் விடவில்லை.

படிக்கிறவர்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது கொஞ்சம்தான். மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், நல்லது. கோபத்துக்கும் தூக்கத்துக்கும் ஜாமுக்கும் நல்லது. மருந்தை நிறுத்தாதீர்கள். குறுகுறுப்பு வந்து போகாமல் ஏறிக்கொண்டே போனால், கால் தளர்ந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே யாராவது உங்கள் மூச்சை அளந்தால், இருப்பதைக் காட்டுங்கள். கெட்டிக்காரத்தனம் வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். விழித்தபோது கட்டிலோரத்தில் குணா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் சரியாகத் தூங்குவதில்லை என்று ஷர்மி சொல்லியிருந்தாள். நான் நம்பவில்லை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. நான் மூச்சு விடுகிற சத்தம் கேட்கவேண்டும் என்று அவர் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ தூங்கு."

"எம் மூச்ச நான் பாத்துக்கிறேன். நீங்க உங்க மூச்ச விடுங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. பிறகு அவரிடமிருந்து ஒரு மூச்சு வெளியே வந்தது. நீளமாக, நடுங்கி நடுங்கி, இத்தனை வாரமாக உள்ளேயே இருந்த மாதிரி. நான் நகர்ந்து இடம் விட்டேன். வந்து படுத்தார். என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். அது ஏறி இறங்குவது மெதுவானது. கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது.

கதவோரம் ஷர்மி வந்து நின்று, என்ன என்று கையால் கேட்டாள். நான் விரலை உதட்டின் மேல் வைத்துக் காட்டினேன்.